355 கிலோமீற்றர்



சென்ற மாதம் எங்கள் வியாழன் இரவு நிகழ்ச்சியில் இந்த விடயத்தைப் பற்றிப் பேசத் தொடங்கி, நேரம் போதாமல் பாதியில் நிறுத்த வேண்டி வந்தது. மிச்சத்தையும் சேர்த்து எழுதித் தரும்படி மடல் பொறுப்பாளர் கேட்டிருந்தார். நான் தொழிலால் கணக்காளன். வரலாறு படித்தவன் அல்லன். ஆகவே இதையும் ஒரு கணக்காகத்தான் எழுதியிருக்கிறேன். பிழை இருந்தால் நிலையத்துக்கு அழைத்துச் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன்.

தொடங்கி வைத்தது ஒரு சிறுவன். இங்கே மெல்பேணில் ஆறாம் வகுப்பில் படிக்கிற பிள்ளை. இரண்டு நகரங்களைத் தெரிவுசெய்து, இடையில் உள்ள விமானத் தூரமும் பயண நேரமும் எழுதிவர வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் வீட்டுவேலை கொடுத்திருக்கிறார்கள். அம்மம்மாவிடம் கேட்டிருக்கிறான். அவர் வானொலிக்கு அடித்துக் கேள் என்று சொல்லிவிட்டார். "மாமா, சென்னையில இருந்து யாழ்ப்பாணத்துக்குப் பிளேனில எவ்வளவு நேரம்?" என்று நேரடி ஒலிபரப்பில் கேட்டான். நானும் ஒரு மணித்தியாலமும் கொஞ்சமும் என்று சொல்லி, 355 கிலோமீற்றர் என்றும் சேர்த்துச் சொன்னேன். அவன் நன்றி சொல்லி வைத்த கையோடு இன்னொரு அழைப்பு. ஒரு முதியவர். "தம்பி, நீர் சொன்னது பிழை. எனக்கு ஏழு மாதம் பிடிச்சது" என்றார்.

இரண்டு விடையும் சரியானவையே. அதை விளக்கத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் தூரத்தைப் பார்ப்போம், அது சுலபமானது. உங்கள் வீட்டில் உலகப்படம் இருந்தால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சென்னை விமான நிலையமும் பலாலி விமான நிலையமும் கொழும்புக்கு அருகே உள்ள இரத்மலானையும் கிழக்கு நெடுங்கோடு 80 பாகைக்கு ஒட்டினாற்போல ஒன்றின் கீழ் ஒன்றாக இருக்கின்றன. அடிமட்டம் வைத்துக் கோடு போட்டால் மூன்றும் ஏறக்குறைய ஒரே கோட்டில் விழும். சென்னையிலிருந்து பலாலி 355 கிலோமீற்றர். பலாலியிலிருந்து இரத்மலானை 330 கிலோமீற்றர். சென்னையிலிருந்து இரத்மலானைக்கு நேராகப் போனால் 680 சொச்சம். ஆக, சென்னையிலிருந்து கொழும்புக்குப் போகிற விமானம் இடையில் பலாலியில் இறங்கி ஏறினால் தூரத்தில் கூடுவது ஒன்றிரண்டு கிலோமீற்றர்தான். திருச்சியிலிருந்து பார்த்தால் இன்னும் கிட்ட: பலாலிக்கு ஏறக்குறைய 185 கிலோமீற்றர். யாழ்ப்பாணத்தவனுக்குக் கொழும்பை விடத் திருச்சி கிட்ட என்பது பகிடிக் கதை இல்லை.

இந்தத் தூரங்களைக் கணக்கியலில் நிலையான சொத்து என்று சொல்லலாம். தேய்மானம் கிடையாது. என் பாட்டனார் காலத்திலும் 355, இன்றைக்கும் 355. மாறியது மற்றப் பத்தி, அதாவது நேரம்.

விமானம் வருவதற்கு முன் எப்படிப் போனார்கள்? பாய்க்கப்பலில் காங்கேசன்துறைக்கும் வல்வெட்டித்துறைக்கும் நாகபட்டினத்துக்கும் இடையே போய் வந்தார்கள். காற்று வாய்த்தால் ஓர் இரவு, வாய்க்காவிட்டால் கடவுள் விட்ட வழி. 1914இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு புகையிரதமும் கப்பலும் சேர்ந்த பயணம் வந்தது. சென்னை எழும்பூரில் ஏறினால் தனுஷ்கோடி. அங்கே கப்பலுக்கு மாறித் தலைமன்னார். பிறகு இலங்கைப் புகையிரதம். கொழும்புக்குப் போகிறவர்கள் நித்திரையோடு போய்விடுவார்கள். யாழ்ப்பாணத்துக்குப் போகிறவர்கள் மதவாச்சியில் இறங்கி, கொட்டாவி விட்டுக்கொண்டு வடக்கே போகும் வண்டிக்குக் காத்திருக்க வேண்டும். இரண்டு இரவுகள் போய்விடும் என்று என் தந்தையார் சொல்லுவார். 1964 டிசெம்பர் 22ஆம் திகதி இரவு அடித்த புயல் தனுஷ்கோடியையே கொண்டுபோனது. அதன்பின் கப்பல் இராமேஸ்வரத்திலிருந்து ஓடியது. அதுவும் எண்பதுகளின் நடுப்பகுதியோடு நின்றது.

இனி விமானத்துக்கு வருவோம். 1935 நவம்பர் 27ஆம் திகதி இரத்மலானையில் முதலாவதாக வந்திறங்கிய விமானம் சென்னையிலிருந்து வந்தது. சென்னை விமானக் கழகத்தின் தலைமைப் பயிற்றுநர் டிண்டேல் பிஸ்கோ ஓட்டிவந்த சின்னஞ்சிறு விமானம் அது. பலாலி ஓடுபாதை இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பிரித்தானிய விமானப்படைக்காகப் போடப்பட்டது. சண்டை முடிந்து அவர்கள் போனபின் அந்த ஓடுபாதை எங்களுக்குக் கைகொடுத்தது. இலங்கை சுதந்திரம் பெறுவதற்கு இரண்டு மாதம் முன்பு, 1947 டிசெம்பர் 10ஆம் திகதி, எயார் சிலோன் நிறுவனம் தன் முதலாவது பறப்பை நடத்தியது. இரத்மலானையில் புறப்பட்டு, காங்கேசன்துறை என்று பட்டியலில் போட்டிருந்த பலாலியில் இறங்கி, சென்னைக்குப் போனது. ஒரு நாட்டின் விமானச் சேவையின் முதல் பயணமே யாழ்ப்பாணம் வழியாகச் சென்னைக்குத்தான் என்பதை இங்கே பிறந்த பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள். அப்போது ஓடியவை டக்கோட்டா விமானங்கள். சீதாதேவி, விகாரமாதேவி, சுநேத்திராதேவி என்று மூன்றுக்கும் அரசிகளின் பெயர்களை வைத்திருந்தார்கள்.

டக்கோட்டா மணிக்கு ஏறக்குறைய 270 கிலோமீற்றர் வேகத்தில் பறக்கும். 355ஐ 270ஆல் பிரித்தால் ஒரு மணித்தியாலமும் இருபது நிமிடமும். ஏறி இறங்குவதையும் சேர்த்தால் ஒன்றரை மணித்தியாலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1964இல் எயார் சிலோனுக்கு அவ்ரோ விமானம் வந்தது. அது மணிக்கு 450 அளவில் பறக்கக் கூடியது. பயணம் ஒரு மணித்தியாலத்தை நெருங்கியது.

அவ்ரோவில் என் தாயார் பறந்திருக்கிறார். 1966இல். கலியாணம் முடித்து ஒரு வருடம். ஏதோ வயிற்று நோவு, வேலூருக்குக் கொண்டுபோய்க் காட்டச் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் வீடு வசாவிளானில். வீட்டிலிருந்து பலாலிக்கு அப்பா வாடகைக் கார் பிடித்தது வீண் செலவு என்று அம்மம்மா பிறகும் குறைசொல்லிக்கொண்டே இருந்தாராம், நடந்தே போயிருக்கலாமாம். காலைத் தேத்தண்ணி குடித்துவிட்டு வெளிக்கிட்டு, மத்தியானச் சோறு மதறாசில் சாப்பிட்டதாக அம்மா சொல்லுவார். படம் பார்ப்பதற்கென்றே மதறாசுக்குப் போய் அடுத்தநாள் திரும்பிய ஆட்களும் இருந்தார்கள் என்று ஊரில் கதை. அப்படி ஒருவரை நான் நேரில் கண்டதில்லை. ஆனால் அந்தக் கதை பிறக்கிற அளவுக்குத் தூரம் சின்னதாக இருந்தது.

சின்ன வயதில் நாங்கள் தோட்டத்துக்குள் நின்று விமானம் பார்ப்போம். வெங்காயத்துக்கு இறைக்கிற நேரமும் விமானம் வருகிற நேரமும் சில நாள் ஒன்றாக வரும். அண்ணா வாய்க்காலை மாற்ற மறந்து அண்ணாந்து நின்று, அப்பாவிடம் ஏச்சு வாங்குவார்.

1978 செப்டெம்பர் 7ஆம் திகதி, பலாலியிலிருந்து பயணிகளைக் கொண்டுவந்து இறக்கிய அவ்ரோ ஒன்று இரத்மலானையில் வைத்து வெடித்து எரிந்தது. உள்ளே வைத்த குண்டு. உயிர்ச்சேதம் இல்லை. அம்மா பறந்ததும் அதே அவ்ரோவாக இருந்திருக்கலாம். அந்த ஆண்டோடு பலாலியிலிருந்து இந்தியாவுக்கான பறப்பு நின்றது. அடுத்த ஆண்டு எயார் சிலோனுக்குப் பதிலாக எயார் லங்கா வந்து கட்டுநாயக்காவிலிருந்து பறக்கத் தொடங்கியது. பலாலி மெல்ல மெல்ல இராணுவத்தின் கையில் முழுதாகப் போனது. அதன்பிறகு 41 வருடம் சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையில் பயணிகள் சேவை கிடையாது.

இந்த 41 வருடத்தில் இந்திய விமானங்கள் வரவில்லை என்று சொல்ல முடியாது. 1987 யூன் 4ஆம் திகதி பெங்களூரிலிருந்து ஐந்து அந்தோனோவ் விமானங்கள், காவலுக்குப் போர்விமானங்களோடு வந்து, யாழ்ப்பாணத்தின் மேலே 25 தொன் பொருட்களைப் பரசூட்டில் போட்டுவிட்டுப் போயின. அதற்கு முதல்நாள் இராமேஸ்வரத்திலிருந்து படகுகளில் வந்ததை இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பியிருந்தது. எனக்கு அப்போது இருபது வயது. மதிலில் ஏறி நின்று பார்த்தேன். அடுத்த மாதக் கடைசியில் இந்திய இராணுவமே பலாலியில் வந்திறங்கியது. அந்தக் கதை வேறு கதை. இந்தக் கணக்குக்குள் அதைக் கொண்டுவந்தால் பேரேடு காணாது.

சரி, இந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து சென்னைக்குப் போக வேண்டியவர் என்ன செய்தார்? வடக்கே போவதற்குத் தெற்கே போனார். தரைவழியாக ஏறக்குறைய 400 கிலோமீற்றர் கொழும்புக்கு. கட்டுநாயக்காவில் விமானம் ஏறி, ஏறக்குறைய 650 கிலோமீற்றர் சென்னைக்கு. 355 கிலோமீற்றர் ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. அந்த விமானம் வடக்கு நோக்கிப் பறக்கும்போது, புறப்பட்ட ஊரின் மேலாகவோ பக்கமாகவோதான் போகும். இல்லாவிட்டால் கோடிக்கரைப் படகு. வடமராட்சிக் கரையிலிருந்து கோடிக்கரைக்கு ஐம்பது அறுபது கிலோமீற்றர். மன்னாரிலிருந்து இராமேஸ்வரக் கரை அதைவிடக் கிட்ட. அந்தப் படகுகளில் போனவர்களில் பலர் இதை வாசிக்கிறீர்கள். எவ்வளவு நேரம் எடுத்தது என்று நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கரையை அடையாதவர்களின் நேரத்தை எந்தப் பத்தியில் போடுவது என்றும் எனக்குத் தெரியவில்லை.

இனி என் வீட்டுக் கணக்கு ஒன்று. இதை வானொலியில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, எழுதுகிறேன்.

1989இல் அம்மாவும் தங்கையும் கொழும்பு வழியாகச் சென்னைக்குப் போனார்கள். அண்ணா அவர்களை எடுப்பிப்பதற்கு விண்ணப்பித்திருந்தார், அங்கே இருந்தால் அலுவல் சுலபம் என்று யாரோ சொன்னார்கள். ஆறு மாதம் என்று போனவர்கள் வளசரவாக்கத்தில் ஓர் அறைக்குள் வருடக்கணக்காக இருந்தார்கள். நான் யாழ் பல்கலைக்கழகத்தில் வணிகமாணிப் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தேன். அப்பா காணியை விட்டு வரமாட்டேன் என்று நின்றார். 1990 யூனில் சண்டை தொடங்கியதும் வசாவிளானை ஒரே நாளில் விட்டு வெளிக்கிட்டோம். இரண்டு சைக்கிள், ஒரு சூட்கேஸ், உறுதிகள் வைத்த தகரப்பெட்டி. இணுவிலில் உறவினர் வீட்டில் இருந்தோம். அதே மாதம் புகையிரதமும் நின்றது, மின்சாரமும் போனது, தொலைபேசியும் போனது.

1991 நவம்பரில் அப்பா காலமானார். இரண்டு நாள் காய்ச்சல், நெஞ்சு நோவு, மூன்றாம் நாள் விடிய முடிந்துவிட்டது. நான்தான் கொள்ளி வைத்தேன். அம்மாவுக்கு அறிவிக்க வேண்டும். தந்தி இல்லை, போன் இல்லை. கொழும்புக்குப் போகிற வியாபாரி ஒருவரிடம் நாலு வரி எழுதிக் கொடுத்தேன். அவர் நீரேரியைக் கடந்து, வன்னிக்குள்ளால் வவுனியா போய், அங்கே இரண்டு நாள் மறிபட்டு, கொழும்பில் என் சித்தப்பாவிடம் கொடுத்தார். சித்தப்பா சென்னைக்குப் போன் எடுத்தார். வளசரவாக்கத்தில் வீட்டுக்காரர் வீட்டில்தான் போன். அந்த ஆண்டு மே மாதத்துக்குப் பிறகு எங்கள் சனத்துக்குச் சென்னையில் வீடு கிடைப்பதே கஷ்டம், வீட்டுக்காரரும் போனுக்குக் கூப்பிடத் தயங்கினார். கடைசியில் அம்மாவுக்குச் செய்தி போய்ச் சேர்ந்தபோது அப்பா இறந்து பதினொரு நாள். எட்டுச் செலவும் முடிந்துவிட்டது. அன்று காலையும் அவர் பொட்டு வைத்துக்கொண்டுதான் கடைக்குப் போய் வந்திருக்கிறார்.

355 கிலோமீற்றர், பதினொரு நாள். நாளுக்கு 32 கிலோமீற்றர். மணிக்கு 1.3 கிலோமீற்றர். தவழுகிற குழந்தையின் வேகம். இந்தப் பிரித்தலை நான் அப்போதே செய்து பார்த்துவிட்டேன். சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்த கொப்பியின் பின்பக்கத்தில். ஏன் செய்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது, கையில் பேனை இருந்தது.

1993இல் நான் வெளிக்கிட்டேன். பாஸ் எடுத்து, கிளாலிக் கரையில் பின்னேரமே போய்க் காத்திருந்து, இருட்டினபின் படகு. முன்னுக்கு இயந்திரம் பூட்டிய ஒன்று, அதன் பின்னால் கயிற்றில் கட்டிய மற்றவை. வெளிச்சம் காட்டக்கூடாது, பிள்ளை அழக்கூடாது. அந்த ஆண்டின் தொடக்கத்தில்தான் அந்தக் கடலில் பலரைக் கொன்றிருந்தார்கள். அக்கரையிலிருந்து உழவு இயந்திரம், பிறகு பஸ், பிறகு சைக்கிள் கரியர், தாண்டிக்குளத்தில் நடை, வவுனியாவில் விசாரணை, புகையிரதம். கொழும்புக்கு நாலு நாள். சில வாரங்களின் பின் அங்கிருந்து சென்னைக்கு விமானம் ஏறினேன். ஒன்றரை மணித்தியாலம்கூட இல்லை. ஜன்னலோரம் கேட்டு வாங்கி இருந்தேன், கீழே யாழ்ப்பாணம் தெரியும் என்று. முகில்தான் தெரிந்தது.

என் கதையைவிடப் பெரிய கதைகள் இந்த மடலின் வாசகர்களிடம் இருக்கின்றன. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்திலிருந்து சாவகச்சேரிக்கு நடந்தவர்களைக் கேளுங்கள். பதினாறு கிலோமீற்றர், பஸ்ஸில் அரை மணித்தியாலத் தூரம். மழைக்குள் இரவு முழுவதும் எடுத்தவர்கள் இருக்கிறார்கள், அடுத்தநாள் மத்தியானம் போய்ச் சேர்ந்தவர்களும் இருக்கிறார்கள். அதன்பின் பலாலியிலிருந்து இரத்மலானைக்குத் தனியார் விமானங்கள் ஓடின. 1998 செப்டெம்பர் 29ஆம் திகதி பலாலியில் புறப்பட்ட லயன் எயார் விமானம் மன்னார்க் கடலில் விழுந்தது. அதில் இருந்த 55 பேரும் இறந்தார்கள். அதன் சிதைவுகளைக் கடலடியில் கண்டெடுக்கவே பதினாலு வருடம் சென்றது. வாசகர்களில் அந்த விமானத்தில் உறவுகளை இழந்தவர்கள் உண்டு என்பதால் இதற்கு மேல் எழுதவில்லை.

நேரம் என்று பேசும்போது ஒரு விசித்திரத்தைச் சொல்லாமல் விடமுடியாது. 1996இல் இலங்கை அரசாங்கம் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கவென்று மணிக்கூட்டை முன்தள்ளியது. முதலில் ஒரு மணித்தியாலம், அந்த ஆண்டே திருத்தி அரை மணித்தியாலம். புலிகளின் பகுதியில் அதை ஏற்கவில்லை, பழைய நேரமே இருந்தது. 2002இல் ஏ9 பாதை திறந்தபோது போய்வந்தவர்களுக்கு நினைவிருக்கும். ஓமந்தை தாண்டினால் கைமணிக்கூட்டை அரை மணித்தியாலம் பின்னுக்கு விடவேண்டும், முகமாலை தாண்டினால் திரும்ப முன்னுக்கு. இந்தியாவின் நேரமும் வன்னியின் நேரமும் ஒன்று, யாழ்ப்பாணத்தின் நேரம் வேறு. பஸ்காரர் "பழசோ புதுசோ?" என்று கேட்பார். 2006 ஏப்ரல் புத்தாண்டோடு அரசாங்கமும் பழைய நேரத்துக்கே திரும்பியது. அந்த ஓகஸ்டில் பாதை மூடப்பட்டது. மணிக்கூடு ஒன்றானதும் வழி அடைபட்டது.

இனிக் கிட்டடிக் காலம். 2019 ஒக்டோபர் 17ஆம் திகதி பலாலியை யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்று பெயரிட்டுத் திறந்தார்கள். நவம்பர் 11ஆம் திகதி அலையன்ஸ் எயாரின் பயணிகள் சேவை சென்னையிலிருந்து தொடங்கியது. நாலு மாதம் ஓடி, கொரோனாவோடு 2020 மார்ச்சில் நின்றது. 2022 டிசெம்பர் 12ஆம் திகதி மறுபடி தொடங்கியது. 2024 செப்டெம்பர் முதலாம் திகதி இண்டிகோவும் சென்னையிலிருந்து பறக்கத் தொடங்கியது. 2025 மார்ச் 30ஆம் திகதி அதே நிறுவனம் திருச்சியிலிருந்தும் தொடங்கியது. கடலிலும் 2023 ஒக்டோபரில் நாகபட்டினம் காங்கேசன்துறைக் கப்பல் ஓடத்தொடங்கி, நின்று, மறுபடி ஓடியது.

இதில் ஒரு சின்னக் கணக்கு எனக்குப் பிடித்தது. இப்போது ஓடுவது ஏரிஆர் 72 என்ற விமானம். உந்துவிசிறி உள்ளது. மணிக்கு 510 கிலோமீற்றர் வேகத்தில் பறக்கக்கூடியது. 355ஐப் பிரித்தால் 42 நிமிடம். ஆனால் நேர அட்டவணையில் ஒன்றேகால், ஒன்றரை மணித்தியாலம் போடுகிறார்கள். ஏனென்றால் விமான நிறுவனங்கள் நேரத்தை எண்ணுவது வானத்தில் அல்ல. சில்லுக்கு வைத்த கட்டையை எடுத்த கணத்திலிருந்து, மற்ற நிலையத்தில் சில்லுக்குக் கட்டை வைக்கும் கணம் வரை. சென்னை பெரிய நிலையம், ஓடுபாதைக்கு உருண்டு போகவும் முறைக்குக் காத்திருக்கவும் நேரம் போகும். ஏறுகிறபோதும் இறங்குகிறபோதும் முழு வேகம் கிடையாது. குறுந்தூரப் பயணத்தில் இந்தச் செலவுகள்தான் பெரிய பங்கு. ஆக 1947இல் டக்கோட்டாவுக்கு நாம் போட்ட ஒன்றரை மணித்தியாலமும் இன்றைய அட்டவணையும் ஏறக்குறைய ஒன்றுதான். எழுபத்தைந்து வருடத்து முன்னேற்றம் கணக்கில் பூச்சியம். (சிறுவனுக்கு இதைப் போனில் விளங்கப்படுத்தினேன். "அப்ப நான் எதை எழுதுறது?" என்று கேட்டான். இரண்டையும் எழுது என்றேன். ஆசிரியர் முழுப் புள்ளி கொடுத்தாராம்.)

2023 யனவரியில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு நான் அந்த விமானத்தில் போனேன். அம்மாவுக்கு அப்போது 80 வயது. மெல்பேணிலிருந்து சிங்கப்பூர் ஏறக்குறைய 6,000 கிலோமீற்றர், சிங்கப்பூரிலிருந்து சென்னை 2,900. சக்கர நாற்காலியில் இருத்தி, இந்திய விசா, தடிமன் மருந்து, வெந்நீர்ப் போத்தல் எல்லாம் சுமந்துகொண்டு போனோம். சென்னையில் இரண்டு நாள் தங்கினோம். வளசரவாக்கத்தைப் போய்ப் பார்ப்போமா என்று கேட்டேன். வேண்டாம் என்று விட்டார்.

பலாலிக்கு ஏறும்போது உந்துவிசிறியைக் கண்டு, "தம்பி, இது அந்தப் பழைய பிளேன்தானோ?" என்றார். இல்லை அம்மா, புதுசு என்றேன். நம்பின மாதிரித் தெரியவில்லை. ஏறி இருந்தபின் பக்கத்தில் இருந்த பெண்ணிடம், நான் 1966இல் இதால போனனான், அப்ப சுருட்டுப் பத்திற ஆக்களும் உள்ளுக்கு இருந்தவை என்று சொன்னார். பிறகு பேசவில்லை. நான் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், என் தொழில் அப்படி. கட்டை எடுத்ததிலிருந்து கட்டை வைத்தது வரை ஒரு மணித்தியாலம் பத்தொன்பது நிமிடம். அதில் நாற்பது நிமிடம் போல அம்மா கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். நித்திரை என்றுதான் நினைத்தேன். கீழே கடல் முடிந்து கரை தெரிந்ததும் நான் சொல்லாமலே கண் திறந்தார். "பதினொரு நாள்" என்றார். அவ்வளவுதான். 1991இல் எனக்கும் கொப்பிக்கும் மட்டும் தெரிந்த கணக்கு என்று முப்பது வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

இறங்கும்போது செம்மண் தெரிந்தது, பனை தெரிந்தது, கூரை இல்லாத வீடுகள் தெரிந்தன. எங்களுடையது எதென்று பிடிக்கமுடியவில்லை. வலிகாமம் வடக்கில் 1990இல் எடுத்த காணிகளில் ஒரு பகுதியைச் சண்டை முடிந்தபிறகு கட்டம் கட்டமாக விட்டிருக்கிறார்கள். மயிலிட்டித் துறைமுகத்தை 2017இல் விட்டார்கள். பலாலியையும் வசாவிளானையும் சுற்றி இன்னும் விடாத காணிகள் உண்டு. எங்களுடையது அந்த மிச்சத்துக்குள். விமான நிலையம் வேண்டும் என்பதிலும் எங்கள் சனத்துக்கு மறுப்பில்லை, நானே அதில் வந்திறங்கியவன். ஆனால் அதை விரிப்பதற்கு இன்னும் காணி வேண்டும் என்று பேசப்படும்போது, யாருடைய காணி என்ற கேள்விக்கு ஒருவரும் விலாசம் போட்டுப் பதில் தருவதில்லை. அப்பாவின் தகரப்பெட்டி இப்போது மெல்பேணில் என் அலுமாரிக்குள் இருக்கிறது. உறுதிகள் பழுதில்லாமல் இருக்கின்றன.

விமான நிலையத்திலிருந்து வீட்டுக்கு இரண்டு கிலோமீற்றர் கூட வராது, அம்மம்மா நடந்து போயிருக்கலாம் என்று சொன்ன தூரம். நாங்கள் வாடகை வானில் ஏறி, கம்பி வேலி ஓரமாகப் போய், இணுவிலுக்குப் போனோம். வான் சாரதி நல்ல பொடியன். அம்மா கேட்டுக்கொண்டபடி வேலியோரம் ஓரிடத்தில் கொஞ்சம் மெதுவாக ஓட்டினார். நிற்பாட்டச் சொல்லி அம்மா கேட்கவில்லை.

ஏழு மாதம் பிடித்தது என்று அழைத்துச் சொன்ன பெரியவரோடு பிறகு பேசினேன். மண்டபம் முகாமில் இருந்து திரும்பிய கதை. அதை அவரே எங்கள் நிகழ்ச்சிக்கு வந்து சொல்லச் சம்மதித்திருக்கிறார், வரும் மாதம் கேட்கலாம். இன்னொரு வேண்டுகோள்: 1978 வரை பலாலியால் பறந்தவர்கள் யாரிடமாவது அந்தக் காலத்துப் பயணச்சீட்டோ, நேர அட்டவணையோ, விமானத்துக்குப் பக்கத்தில் நின்று எடுத்த படமோ இருந்தால் வியாழக்கிழமை மாலை நிலையத்துக்குக் கொண்டுவாருங்கள். பிரதி எடுத்துவிட்டு அன்றைக்கே கையில் திருப்பித் தருவேன்.